செருப்பைக் கழற்றிவிட்டுக் குகைக்குள் போனவர்கள்

பூதத்தின் குகை வாசலில் நின்றுகொண்டு என் மகள் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, செருப்ப எங்க விடணும்?"

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. பூதம் நான்தான். தொண்டையை அடைத்துக்கொண்டு உறுமி, சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரமாகப் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருந்தேன். குகை என்பது எங்கள் மாடி வீட்டுத் தரையில் பிரித்துப் போட்ட ஓர் அட்டைப்பெட்டி. நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தது. அதன் உள்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் மலை, பிளவக்கல் அணை, அணைக்கு மேலே காடு, காட்டுக்குள் கறுப்பாகக் குகை எல்லாம் வரைந்து, காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியில் கழித்துப் போட்டதைப் பிய்த்து மூடுபனியாகத் தூவியிருந்தேன். இவ்வளவு ஏற்பாட்டுக்கும் நடுவில் ஒருத்தி கோயிலுக்கு வந்தவளைப் போலச் செருப்புக்கு இடம் தேடினால் பூதத்துக்கு என்ன மரியாதை இருக்கிறது?

"ஏட்டி, குகைக்குள்ள போறதுக்கு யாராச்சும் செருப்பக் கழத்துவாவளா?"

"அது பூதத்தோட வீடும்மா. வீட்டுக்குள்ள செருப்போட போவலாமா?"

மகன் அவளைவிட மூன்று வயது மூத்தவன், நாலாம் வகுப்பு. அவனாவது சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் முகத்தில் உண்மையான கவலை. "வெளிய போட்டா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவாம்மா. ஆண்டாள் கோயில்ல மாதிரி டோக்கன் குடுத்துப் பாத்துக்கிட ஆள் இருக்கா?" என்று கேட்டான்.

ஆள் இல்லை என்றேன். இரண்டு பேரும் காதோடு காதாகப் பேசினார்கள். பிறகு மகள் தீர்மானமாகச் சொன்னாள்: "அப்பா வெளிய நின்னு பாத்துக்கிடட்டும்." ஒரு நீலநிற பாட்டில் மூடியை எடுத்துக் குகைக்கு வெளியே வைத்தாள். அன்றிலிருந்து அதுதான் அவர்களுடைய அப்பா.

இந்த விளையாட்டை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் என் பெரியம்மா மகன். பெங்களூரில் வேலை. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவன், இரண்டு நாள் ராஜபாளையத்தில் எங்களோடு தங்கினான். பெங்களூரில் பெரிய பெரிய ஆட்களே வட்டமாக உட்கார்ந்து இதை விளையாடுகிறார்களாம். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, 'நான் கதவைத் தட்டுகிறேன்', 'நான் மரத்தில் ஏறுகிறேன்' என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடையை உருட்ட வேண்டும். நாம் பார்த்த ஆறு பக்கப் பகடை இல்லை, இதற்கு இருபது பக்கம். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். சின்ன எண் விழுந்தால் மூக்குடைபட வேண்டியதுதான்.

"இதுல யாருல ஜெயிப்பா?" என்று கேட்டேன்.

"யாரும் ஜெயிக்க மாட்டாவக்கா."

"பொறவு எதுக்குல விளையாடுதிய?"

"பேசிட்டு இருக்கலாம்லாக்கா" என்றான்.

அவன் விளையாட்டாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. அவன் ஊருக்குப் போகும்போது பகடையை என்னிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். விதிகள் என்று அச்சடித்த தாள்கள் கொஞ்சம் கொடுத்தான். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரியாத பாதிக்கு நானே விதி போட்டேன்.

மகன் மந்திரம் தெரிந்த லாரி டிரைவர் ஆனான். லாரியைச் சுருக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். மகள் பறக்கும் டாக்டர். அவள் பையில் எங்கள் கம்பெனி பேண்டேஜ் தீரவே தீராது. ஆரம்பத்தில் ஒரே ரகளை. சின்ன எண் விழுந்தால் மகள் தரையில் புரண்டு அழுவாள். மகன் பகடையைத் திருப்பி வைப்பான். இது சரிப்படாது என்று, சின்ன எண் விழுந்தால் தோல்வி கிடையாது, வேடிக்கையாக ஏதாவது நடக்கும் என்று மாற்றினேன். முதல் தடவை மகனுக்கு ஒன்று விழுந்தபோது சட்டைப்பைக்குள் இருந்த லாரி நடுத்தெருவில் பெரிதாகிவிட்டது. சட்டை கிழிந்து வெற்று மேலோடு அவன் நின்ற கோலத்தைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒன்று விழாதா என்று ஏங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் கதை சொல்கிறவருக்கு இந்த விளையாட்டில் துணை கிடையாது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு கட்சி. டீக்கடைக்காரி, தலையாரி, பூதம், பூதத்தின் மாமியார் என்று ஊரில் உள்ள மற்ற எல்லாரும் நான். ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் பத்துப் பேராகப் பேசியிருப்பேன். அவர்கள் கீழே விளையாட இறங்கிய பிறகு காஸ் துணியைப் பொறுக்கி, அட்டையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளும்போது, எனக்கென்று பேச ஒரு சொல் மிச்சம் இருக்காது. மிச்சம் இருந்தாலும் கேட்க ஆள் இல்லை.

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். வடக்கே, பனி விழுகிற ஓர் இடத்தில். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரோடு சேர்ந்து இருந்த காலத்தைவிட அவருக்காகக் காத்திருந்த காலம் அதிகம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் இதுதான் கதை. மாமனார் வீடு வ. புதுப்பட்டியில். என் வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ராஜபாளையத்தில். அதனால் ஒரு மாடி போர்ஷனில் நாங்கள் மூன்று பேர். அவர் போனில் வருவார். "நல்லாருக்கேன். சாப்பிட்டியளா? பிள்ளைகள்ட்டக் குடு." பிள்ளைகளிடம் கொடுத்தால் மகன் ரன் கணக்கு சொல்வான். மகள், "நல்லாருக்கேன், நீங்க?" என்று அவர் பேசுகிற மாதிரியே சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அவருக்குச் சிக்னல் எடுக்காது. எடுத்தாலும் பேச்சு எடுக்காது.

இந்த விளையாட்டு வருவதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் குடித்துவிட்டு எவனோ வீடு தெரியாமல் எங்கள் மாடிப்படி ஏறி வந்து கதவை இடித்தான். கீழே இருக்கும் வீட்டுக்காரம்மா சத்தம் போட்டு விரட்டினார். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்குதான் பேசுவார்கள், என் மகளையும் தாயி என்கிற அர்த்தத்தில் தல்லி, தல்லி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் எனக்கு ஒரு யோசனை சொன்னார். "ஒரு ஜோடி ஆம்பளச் செருப்ப வாசல்ல போட்டு வையும்மா. பாக்கவனுக்கு உள்ள ஆள் இருக்குன்னு தோணும்." என் வீட்டுக்காரருடைய பழைய தோல் செருப்பு பரணில் கிடந்தது. எடுத்துத் துடைத்து வாசலில் போட்டேன். கதவு இடிபட்டதிலிருந்து மகள் தூங்காமல் என்னையே கட்டிக்கொண்டு கிடந்தாள். அவளிடம், "பயப்படாதட்டி. அப்பா செருப்பு வெளிய காவல் காக்கு" என்று சொன்னேன். அதற்குப் பிறகு தூங்கினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் அந்தச் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள்.

ஆகவே அவள் கணக்கில் அப்பா என்பவர் வெளியே நிற்கிறவர். எல்லையிலும் வெளியே, வீட்டிலும் வெளியே, பூதத்தின் குகையிலும் வெளியே. அதில் அவளுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

இந்த நிலைமையில் அவர் ஒரு மாத லீவில் வந்தார்.

வந்த இரண்டாம் நாள் காலையில் நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். மகன் தூக்கம். அவர் பால் வாங்கக் கீழே இறங்கியவர், வாசலில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடைய செருப்புதானே. செத்த நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மகளின் குரல்.

"யாரு?"

"அப்பாட்டி. கதவத் தொற."

"அப்பா செருப்பு வெளிய இல்ல."

"கால்ல போட்டிருக்கேன்ட்டி."

"அது எங்க வீட்டுக் காவல் செருப்பு. அத யாரும் போடக் கூடாது."

ஈரத் தலையோடு நான் வெளியே வந்தபோது அவள் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சன்னல் வழியாகப் பார்த்தால், பால் பாக்கெட்டை வைத்துக்கொண்டு அவர் மேல்படியில் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் குனிந்து, செருப்பைக் கழற்றி, அவள் கண்ணில் படுகிற மாதிரி வாசலில் நேராக வைத்தார். வெறுங்காலோடு தள்ளி நின்றார். அவள் எட்டிப் பார்த்து, திருப்தியாகி, கதவைத் திறந்தாள்.

"நல்ல ட்ரெயினிங் குடுத்திருக்க" என்றார் என்னிடம். சிரித்தார்தான். ஆனால் அதற்குப் பிறகு லீவு முடியும்வரை அந்தச் செருப்பை அவர் தொடவில்லை. கடைக்குப் போய் ரப்பர் செருப்பு ஒன்று வாங்கிக்கொண்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை விளையாட உட்கார்ந்தோம். போனில் பிள்ளைகள் சொல்லிச் சொல்லி அவருக்கும் ஆசை இருந்தது. சம்மணம் போட்டு, பகடையைக் கையில் உருட்டிப் பார்த்து, "எனக்கு என்ன வேசம்?" என்று கேட்டார். மகன் நீல மூடியைக் காட்டினான்.

"நீங்க வெளிய நிக்கணும். நாங்க உள்ள போயிட்டு வந்துருவோம்" என்றாள் மகள். அவரிடம் அவள் நீங்க என்றுதான் பேசுவாள், பள்ளிக்கூட சாரிடம் பேசுகிற மாதிரி.

அன்று மதியம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் குகைக்குள் இருந்தோம். பூதத்துக்கு மண்டையில் காயம். கதைப்படி அது அணைத் தண்ணீரை ஊருக்கு விடாமல் அடைத்து வைத்திருந்ததே தலைவலியால்தான் என்று மகள் கண்டுபிடித்து, கட்டுப்போட ஆரம்பித்தாள். மகனுக்குச் சண்டை வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் வாக்குவாதம். அவருடைய முறை வரவேயில்லை. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். அட்டையின் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த தடவை நான் சூழ்ச்சி செய்தேன். கதை என் கையில்தானே இருக்கிறது. வெளியே பெருமழை கொட்டுகிறது, காவல்காரர் உள்ளே ஒதுங்கினால்தான் உண்டு என்றேன். மகள் தன் பையிலிருந்து குடை எடுத்துக் கொடுத்தாள். யானை வருகிறது என்றேன். "யான செருப்ப ஒண்ணும் செய்யாது, அப்பாவத் தெரியும் அதுக்கு" என்றாள். குகை வாசலைப் பாறை மூடப்போகிறது, இதுதான் கடைசி நேரம் என்றேன். "அப்பா வெளிய இருந்து பாறையத் தள்ளுவாவ. அதுக்குத்தான வெளிய ஆள் வேணும்" என்றாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. எனக்குத்தான் பொறுமை இல்லாமல் போயிற்று.

"ஏட்டி, உனக்கு மனசாட்சி இருக்கா? அவிய எம்புட்டு தூரத்துல இருந்து வந்திருக்காவ? செத்த நேரம் உள்ள விட்டாத்தான் என்ன?"

அவள் உதடு துடித்தது. "அப்பா உள்ள வந்துட்டா பொறவு வெளிய யாரும்மா நிப்பா?" என்று கேட்டுவிட்டு, அழுதுகொண்டே எழுந்து போய் வாசல் கதவுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். பட்டப்பகல். அவர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். அப்படியும் போய்ப் பார்த்தாள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மேலே வந்தார். தூரத்தில் ஏதோ ஒரு பேண்டேஜ் கம்பெனியில் காஸ் துணி நீளநீளமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "அங்கயும் காவல். இங்கயும் காவலாட்டி?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்று தெரியாததால் அவர் மேலேயே பாய்ந்தேன். "போன்ல ரெண்டு வார்த்த பேசுனா என்ன குறைஞ்சா போவும்? நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு. அவளுக்கு உங்களப் பத்தி என்ன தெரியும்? செருப்புதான் தெரியும்."

"என்னத்தச் சொல்ல? நிக்கேன். நேத்தும் நின்னேன். இதச் சொல்லவா போன் பண்ணுதது?"

அவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை என்று தோன்றியிருக்கிறது, இத்தனை வருடமாக. எனக்கு மட்டும் என்ன? கம்பெனிக்குப் போனேன், சோறு பொங்கினேன், படுத்தேன். நானும்தான் சொன்னதில்லை. இரண்டு பேரும் துணியை மடித்துக்கொண்டு கீழே இறங்கினோம்.

பிறகு ஒரு வாரம் வ. புதுப்பட்டியில் போயிற்று. கிணற்று மோட்டார் பழுது, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, மாமனாருக்குக் கண் டாக்டர் என்று அவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். லீவு கரைந்துகொண்டே வந்தது. மகள் அவரோடு பைக்கில் போவாள், அவர் வாங்கித் தந்ததைச் சாப்பிடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஒரு மரியாதையான விருந்தாளியிடம் பழகுகிற மாதிரிதான் எல்லாம். இந்தத் தடவையும் இவர் இப்படியே போய்விட்டால், அடுத்த லீவில் அவள் இன்னும் வளர்ந்திருப்பாள். பிறகு விளையாடக்கூட உட்கார மாட்டாள். அந்தப் பயம் என்னைத் தின்றது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் சாயங்காலம் அவருக்கு ரயில். அட்டையை நான் விரிக்கவில்லை. அவரேதான் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து விரித்தார்.

"நீங்க வெளிய நில்லுங்க" என்றாள் மகள், வழக்கம்போல.

"சரி, நிக்கேன்" என்றார். நீல மூடியைத் தானே எடுத்துக் குகை வாசலில் வைத்தார். "டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு. வெளிய நிக்கவனும் விளையாட்டுல உள்ளவன்தான? எனக்கும் மொற வரும்லா? அவன் என்ன செய்யான்னு நான் சொல்லலாம்லா?"

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லலாம் என்றேன்.

பிள்ளைகள் உள்ளே போனார்கள். மகள் பூதத்தின் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். மகன் பூதத்தின் சட்டைக்குள் லாரியை விட்டு ஓட்டினான். பூதம் கூச்சத்தில் நெளிய, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு நான் அவர் பக்கம் திரும்பி, "வெளிய என்ன நடக்கு?" என்று கேட்டேன்.

"நிக்கேன்" என்றார். "பனி விழுது. உங்க ரெண்டு பேரு செருப்பு மேலயும் விழுது. தட்டி விடுதேன். மறுபடியும் விழுது. மறுபடியும் தட்டி விடுதேன்."

மீண்டும் குகைக்குள் ஒரு சுற்று. மீண்டும் அவர் முறை.

"காலு மரத்துப் போச்சு. ரெண்டு எட்டு அங்கிட்டு, ரெண்டு எட்டு இங்கிட்டு நடக்கேன். அம்புட்டுத்தான் நடக்கலாம். தூரமாப் போவக் கூடாது."

"நெசமாவே அப்படித்தானாப்பா?" என்றான் மகன்.

"நெசம்தான்லே. மூக்குக்குள்ள மயிரே வெறச்சுப் போவும்." மகன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த முறையும் வந்தது. நீல மூடியை விரலால் குகைக்குப் பக்கத்தில் நகர்த்தினார். "உள்ள நீங்க சிரிக்கது கேக்கு. எதுக்குச் சிரிக்கியன்னு தெரியல. யார்ட்டயும் கேக்க முடியாது. சரி, நல்லாருக்காவ போலன்னு நானும் சும்மா சிரிச்சுக்கிடுதேன்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மனிதர் அவ்வளவு நீளமாகத் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. மகள் பூதத்தை மறந்துவிட்டாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசிக்கலயா?" என்று கேட்டாள்.

"டூட்டில பசின்னு சொல்லக் கூடாதுட்டி."

"டூட்டி எப்ப முடியும்?"

"அடுத்த ஆள் வந்து நின்னா முடியும்."

"அடுத்த ஆள் யாரு?"

"இன்னும் வரல."

அவள் யோசித்தாள். தன்னுடைய வெள்ளைப் பொத்தானை, அதுதான் பறக்கும் டாக்டர், எடுத்துக் குகையை விட்டு வெளியே கொண்டுவந்து நீல மூடிக்குப் பக்கத்தில் வைத்தாள். "நான் வந்துட்டேன். நான் நிக்கேன். நீங்க உள்ள போங்க" என்றாள். உடனே கலவரமாகி, "செத்த நேரந்தான். பொறவு நீங்க வந்துரணும்" என்றாள்.

"பகடை உருட்டணும்" என்றான் மகன். விதியை விடுகிற ஆள் இல்லை அவன். "சின்னப் பிள்ள தனியா நிக்க முடியுமான்னு பாக்கணும்லா."

உருட்டினாள். மூன்று விழுந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கதைக்காரி நான். சின்ன எண்ணுக்குத் தோல்வி கிடையாது என்ற விதி போட்டதும் நான்தான். அதற்காக அன்றைக்கு எனக்கு நானே நன்றி சொல்லிக்கொண்டேன். "பனிக்காத்துல உன் தொப்பி பறந்து போச்சு. தலமுடி எல்லாம் வெள்ளையாயிருச்சு. ஆனா நீ நிக்க" என்றேன். அவள் உண்மையிலேயே எழுந்து, அட்டைக்கு வெளியே, கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

அவர் நீல மூடியைக் கையில் எடுத்தார். "செருப்பக் கழத்தி வெளிய விட்டுட்டு, உள்ள போறேன்" என்றார்.

இப்போது குகைக்குள் இருப்பது அவரும் பூதமும். பூதம் உறுமியிருக்க வேண்டும். நான் முகத்தில் கிடந்த சேலைத் தலைப்பை விலக்கினேன்.

"யாருய்யா நீ?" என்றது பூதம் கடைசியில். அவரை அப்படி நான் கேட்டது என் மாமனார் ஊரில் யார் காதிலாவது விழுந்திருந்தால் அவ்வளவுதான்.

"வெளிய நிக்கவன்."

"எதுக்கு வந்தே?"

"சும்மாதான். செத்த நேரம் உக்காந்துட்டுப் போவலாம்னு."

"உக்காரு" என்றேன். "எம்புட்டு நேரம் வேணும்னாலும் உக்காரு."

"சண்ட கெடையாதா?" என்று மகன் சலித்துக்கொண்டான். வெளியே நின்றவள் தலையைத் திருப்பாமல், காவலுக்கு நிற்கிறவள் திரும்பக் கூடாது என்று அவளே முடிவு செய்திருக்க வேண்டும், "அப்பா, உள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"கதகதன்னு இருக்குட்டி" என்றார்.

மறுநாள் வ. புதுப்பட்டியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு வந்தோம். கூட வேலை பார்க்கிறவர்களுக்குப் பால்கோவா வாங்கிப் பெட்டியில் திணித்தோம். ரயில் அங்கே நிற்பதே கொஞ்ச நேரம்தான். அவர் மகனின் தலையைத் தடவினார். என்னிடம், "போன் பண்ணுதேன்" என்றார். மகள் அழவில்லை. அவருடைய ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரயில் போன பிறகு டவுன் பஸ் பிடித்தோம். மகன் சன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டான். ராஜபாளையம் வரும்வரை எனக்குப் பக்கத்தில் இருந்த இடம் காலியாகவே வந்தது. யாராவது வந்து உட்கார்ந்தால் தேவலை என்று இருந்தது. யாரும் உட்காரவில்லை.

படியேறி வந்து பூட்டைத் திறந்தேன். தோல் செருப்பு எங்கே விட்டோமோ அங்கேயே கிடந்தது. மகன் உள்ளே போய் அப்படியே படுத்துவிட்டான். மகள் மட்டும் வாசலில் உட்கார்ந்து தன் செருப்பின் வாரைக் கழற்றினாள். பூப்போட்ட ரோஸ் செருப்பு, என் உள்ளங்கை அளவுகூட இருக்காது. அதை ஜோடியாகச் சேர்த்து, மூக்கைப் படிப்பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு அவருடைய செருப்பை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏட்டி, அத எங்க கொண்டு போறே? வெளிய கெடக்கட்டும்."

அவள் நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியில், மடித்து வைத்த அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில், செருப்பை வைத்தாள். மேலே ஒரு துண்டு காஸ் துணியை எடுத்துப் போர்த்தினாள்.

"இன்னைக்கு என் டூட்டிம்மா" என்றாள். "அப்பா செத்த நேரம் உள்ள இருக்கட்டும்."

அந்த ரோஸ் செருப்பைப் பார்த்து எவனும் பயப்படப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, அது விழுந்திருக்கிறதா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். செருப்பை மாற்றி வைக்கவில்லை.